டிரைவ் சூடாகி டிரிப் ஆகிறதா? முதலில் பேனல் கதவை மூடுங்கள்

கேள்வி: கோவை பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மதிய நேரத்தில் ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் சூடாகி டிரிப் ஆகின்றன. பேனல் கதவைத் திறந்து, பெடஸ்டல் ஃபேன் வைத்து ஓட்டுகிறோம். வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் போதாதா?

பதில்: பஞ்சு பறக்கும் இடத்துக்குப் போதாது. ஆனால் அதைவிட அவசரம், அந்தக் கதவு. மின்சாரம் இருக்கும் பேனல் திறந்து கிடப்பதே ஆபத்து. அதோடு ஃபேன் காற்றில் பஞ்சும் உள்ளே போய், டிரைவின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இடுக்குகளில் மெத்தை போலப் படிகிறது. இன்றைக்கு ஓடிவிடும், போகப் போக இன்னும் சீக்கிரம் டிரிப் ஆகும்.

பல டிரைவ்கள் 40 டிகிரி வரைதான் முழு கரண்ட் தரும். அது ஷெட்டின் வெப்பம் அல்ல, பேனலுக்குள் டிரைவைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம். உள்ளே 10 டிகிரி கூடினால், டிரைவுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதனால் ரீசெட் போட்டுப் போட்டு ஓட்டாதீர்கள்.

பேனல் ஃபில்டரை வாரம் ஒருமுறை பாருங்கள். ஹீட் சிங்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது என்பதை டிரைவே சொல்லும். பெரும்பாலான டிரைவ்களின் டிஸ்ப்ளேயில் ஹீட் சிங்க் வெப்பநிலை வரும். வாரா வாரம் ஒரே நேரத்தில், கரண்டோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். லோடும் ஷெட் வெப்பமும் மாறாமல் அது மட்டும் ஏறினால், ஒன்று அடைப்பு, இல்லையென்றால் கூலிங் ஃபேன் தளர்கிறது. இந்த நோட்டு இருந்தால் எந்த சர்வீஸ் அட்டவணையும் இரண்டாம்பட்சம்தான்.

சுத்தம் செய்யும்போது மெயினை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். 415 வோல்ட் சப்ளையில், டிரைவுக்குள் ஏசி டிசியாக மாறி நிற்கும் டிசி பஸ்ஸில் 580 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் அது உடனே இறங்காது. லேபிளில் போட்டிருக்கும் நேரம் காத்திருந்து, மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், வேண்டாம். வேக்குவமும் மென்மையான பிரஷும் போதும். அப்படியே டெர்மினல் ஸ்குரூக்களையும், மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுப்படி இறுக்கிவிடுங்கள்.

மோட்டாருக்கு மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போடுவதானால் டிரைவிலிருந்து கேபிளைக் கட்டாயம் கழற்றுங்கள். இல்லாவிட்டால் டிரைவ் போய்விடும்.

அப்புறம், ஸ்டோரில் ஸ்பேர் டிரைவ் வருஷக்கணக்கில் தூங்குகிறதா? அதை எடுத்ததும் நேராக முழு வோல்டேஜ் கொடுக்காதீர்கள். மேனுவலில் சொன்னபடி வோல்டேஜை மெதுவாக ஏற்றி, கெப்பாசிட்டரைத் தயார்படுத்திய பிறகே லைனில் போடுங்கள்.