மல்லாட்டையைக் களத்திலேயே கொடுத்துவிடலாமா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம். வரப்போரம் கீரை, கத்தரி. அறுவடையானதும் வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறார். கையில் ஒன்றும் நிற்பதில்லை. நானே விற்றால் கட்டுப்படியாகுமா? பட்டா கணவர் பெயரில் இருக்கிறது.

பதில்: கட்டுப்படியாகும், சகோதரி. ஆனால் கீரையும் கத்தரியும் அன்றாடச் செலவுக்கான காசு. மல்லாட்டை காத்திருந்து விற்க வேண்டிய சரக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள்.

களத்தில் பச்சையாகக் கொடுக்கும்போது ஈரம், மண், சாக்கு என்று கழிக்கிற கிலோக்களில்தான் உங்கள் உழைப்பு கரைகிறது. ஆகவே முதலில் காயவையுங்கள். ஒரு பிடி காயை எடுத்துக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். உடைத்துத் தேய்த்தால் தோல் சட்டென்று உரிய வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதன் நச்சு புண்ணாக்கு வழியாக மாட்டுக்கும், அங்கிருந்து பாலுக்கும் போகும். இதில் அலட்சியமே கூடாது.

காய்ந்த சரக்கை, உங்கள் மாவட்டத்துச் சேத்துப்பட்டில் இருப்பது போன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, அதாவது ஏலத்தில் விற்கும் அரசுக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. ஏலத்தில் விலை பிடிக்காவிட்டால் சரக்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கிடங்கில் வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அவசரச் செலவுக்காக அடிமாட்டு விலைக்கு விற்பது இதனால் நிற்கும்.

எண்ணெய் ஆட்டி விற்கவும் ஆசை வரும். 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்பு தேறும். செக்கில் ஏறக்குறைய 28 முதல் 30 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். உடைப்புக் கூலி, ஆட்டுக்கூலி, பாட்டில் செலவு போக என்ன நிற்கிறது என்று உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்க ஆள் உறுதியாகும் வரை, சிறிதளவு மட்டும் ஆட்டுங்கள்.

கீரைக்கு உழவர் சந்தைதான் சரி. 1999-ல் மதுரையில் தொடங்கியதிலிருந்து அதன் அடிப்படை ஒன்றே: இடைத்தரகர் இல்லை. பட்டா கணவர் பெயரில் இருப்பதால், சந்தையில் விற்பதற்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே விற்கப்போவது நீங்கள்தான் என்று சொல்லி, குடும்ப உறுப்பினராக உங்கள் படத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். கீரையை விடிகாலையில் பிடுங்கி, வேரை மட்டும் நனைத்து, ஈரச்சாக்கில் சுற்றினால் சந்தையில் வாடாது.

இன்னொன்று. நோட்டில் விதை, உரம், வண்டி வாடகை எழுதும்போது உங்கள் கூலியையும் எழுதுங்கள். களையெடுக்கப் பக்கத்துக் கொல்லைக்குப் போனால் கூலி உண்டு. சொந்தக் கொல்லையில் செய்தால் அது கணக்கிலேயே வருவதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். விற்ற பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேரட்டும்.

விற்பனைக்கு முன், அடுத்த பட்டத்து விதைக்காக நல்ல காயாக 40 கிலோ ஒதுக்கிவிடுங்கள். உடைக்காமல், காயாகவே இருக்கட்டும். விதைக்கும் சமயத்தில் உடைத்தால் போதும்.