டிக்கெட் இலவசம், செலவு 100 பவுண்டு: ஒரு லீட்ஸ் குடும்பத்தின் வார இறுதிக் கணக்கு

கேள்வி: நானும் கணவரும் லீட்ஸில் வேலை செய்கிறோம். நான் என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையில் செவிலியர். பிள்ளைகளுக்கு 9 வயது, 4 வயது. வாடகை, நர்சரி, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. போன மாதம் மூன்று சனிக்கிழமை வெளியே போனோம், 318 பவுண்டு ஆகிவிட்டது. நுழைவுச்சீட்டு 74, பெட்ரோலும் பார்க்கிங்கும் 71, சாப்பாடு 128, பொம்மை கிம்மை 45. வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகள் போனை விட்டு நகர்வதில்லை. பல சமயம் நண்பர்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்துகொள்வார்கள். சுற்றுவதை நிறுத்தாமல் மாதம் 150 பவுண்டு மிச்சம் பிடிக்க முடியுமா?

பதில்: முடியும். வகை வகையாகச் செலவைப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் என் வேலை சுலபம். டிக்கெட் செலவு மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை. சாப்பாடு மட்டும் 40 சதவீதம். நீங்கள் மலிவான இடம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் காசு போவது இடத்துக்கு இல்லை. காலை 10 மணிக்கு எழுந்து "இன்னைக்கு எங்கே போகலாம்?" என்று கேட்கும் வீட்டில்தான் இந்தக் கணக்கு வரும்.

முதலில் ரயில். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு ஆண்டுக்கு 35 பவுண்டு. பெரியவர்கள் நாலு பேர், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள் நாலு பேர் வரை ஒரே கார்டில் போகலாம். பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகள் கட்டணத்தில் 60 சதவீதமும் குறையும். லீட்ஸிலிருந்து யார்க் போய்வர ஒருவருக்கு 18 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கார்டு இல்லாமல் உங்கள் இருவருக்கும் 36, மூத்த பிள்ளைக்கு 9, ஆக 45 பவுண்டு. கார்டோடு 24 + 3.60, அதாவது 27.60. ஒரு பயணத்தில் 17.40 மிச்சம். இரண்டாவது பயணத்திலேயே, 20 பென்ஸ் குறைய, கார்டின் விலை திரும்பிவிடும்.

இதில் மூன்று இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கார்டில் பெயர் இருப்பவர் பயணத்தில் இருந்தாக வேண்டும். உங்களுக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் வாங்கும்போதே இரண்டாவது பெயராகக் கணவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அடுத்தது, டிக்கெட் எடுத்த ஒரு பிள்ளையாவது கூட வர வேண்டும். சின்னவருக்கு 5 வயதுக்குக் கீழ் என்பதால் டிக்கெட் வேண்டாம்தான். ஆனால் மூத்தவர் வராத நாளில் சின்னவருக்கு ஒரு குழந்தை டிக்கெட் எடுத்தால்தான் கார்டு செல்லும். அதை எடுத்தாலும் லாபம்தான். மூன்றாவது, கார்டு போனில் இருந்து, பேட்டரி தீர்ந்துவிட்டால் கார்டு இல்லாத மாதிரிதான். அபராதக் கட்டணம் 100 பவுண்டு, அதோடு ஒரு வழிக் கட்டணமும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும். பவர்பேங்க் அதைவிட மலிவு.

மூன்று குடும்பமும் சேர்ந்தால் பெரியவர்களே ஆறு பேர், ஒரு கார்டு போதாது. இன்னொரு குடும்பமும் ஒன்று வாங்கிவிட்டால் எட்டுப் பெரியவர், எட்டுப் பிள்ளைகள் வரை சரியாகிவிடும். பிள்ளைகள் இல்லாமல் தோழிகள் மட்டும் போகும் நாளில் குரூப்சேவ் என்று கேளுங்கள். மூன்று முதல் ஒன்பது பேர் ஒன்றாகப் போனால் நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, பல ரயில் நிறுவனங்களில் உண்டு, கார்டு எதுவும் வேண்டாம்.

யார்க்கில் இறங்கியதும் ஸ்டேஷனை ஒட்டியே தேசிய ரயில்வே அருங்காட்சியகம், நுழைவு இலவசம். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை வைத்த மல்லார்ட் நீராவி எஞ்சின் அங்கேதான் நிற்கிறது. ஜப்பானின் முதல் தலைமுறை ஷின்கான்சென் பெட்டியும் இருக்கிறது, பிள்ளைகள் உள்ளே ஏறிப் பார்க்கலாம். பள்ளி விடுமுறை என்றால் இலவசச் சீட்டையும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பிற்பகலில் நகரைச் சுற்றிய பழைய கோட்டைச் சுவரில் நடக்கலாம், சுமார் இரண்டு மைல், அதற்கும் காசில்லை. சில இடங்களில் உட்பக்கம் கைப்பிடியே கிடையாது. சின்னவர் கை உங்கள் கையில் இருக்கட்டும், தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

லீட்ஸிலேயே இருக்கும் ராயல் ஆர்மரீஸ் என்னும் ஆயுத அருங்காட்சியகம் உங்களுக்கு மழைக்கால இடம். அதுவும் இலவசம். எல்லாத் தளமும் சுற்ற வேண்டாம், யானைக் கவசத்தைத் தேடிப் போய் நில்லுங்கள். இப்போது மிஞ்சியிருக்கும் இரும்புத் தகடுகள் மட்டும் 5,840, எடை 118 கிலோ. சென்னையில் ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவின் மனைவி இந்தியாவில் வாங்கி 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது அது. அதன் முன்னால் கால் மணி நேரம் கதை சொல்லலாம், பொம்மைக் கடைப் பக்கம் திரும்பாமல் தப்பிக்கலாம்.

மழை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கு இங்கிலாந்தில் திட்டம் குலைவது பெரும்பாலும் வானத்தால்தான். நனைந்துகொண்டு ஷாப்பிங் மாலுக்குள் நுழையும் குடும்பம் 60 பவுண்டுக்குக் குறைந்து வெளியே வருவதில்லை. வெளியிடம் ஒவ்வொன்றுக்கும் கூரையுள்ள இலவச இடம் ஒன்றை ஜோடி சேர்த்து எழுதிவையுங்கள். மாலம் கோவ் என்றால் பிராட்ஃபோர்டில் தேசிய அறிவியல் ஊடக அருங்காட்சியகம், கிராஸ்பி கடற்கரை என்றால் லிவர்பூலில் வேர்ல்டு மியூசியம்.

மாலம் கோவ் யார்க்‌ஷயர் டேல்ஸில் இருக்கும், சுமார் 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவர். பார்க்கக் கட்டணம் இல்லை. கார் ஒரு காலனுக்கு 40 மைல் தரும், பெட்ரோல் லிட்டர் 1.35 என்றால் மைலுக்கு சுமார் 15 பென்ஸ். போய்வர 80 மைல், 12 பவுண்டு. பார்க்கிங் ஏழெட்டு பவுண்டு என்று வையுங்கள். கிராஸ்பியில் சிற்பி ஆண்டனி கோர்ம்லி செய்த 100 இரும்பு மனிதச் சிலைகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. லிவர்பூலிலிருந்து உள்ளூர் ரயில் போகும். அலை ஏறும் நேரத்தை முதலில் பாருங்கள். தூரத்துச் சிலைகளை நோக்கி நடக்கவே வேண்டாம், சேறு காலை இழுக்கும்.

பேருந்தையும் ஒதுக்காதீர்கள். இங்கிலாந்தில் திட்டத்தில் சேர்ந்த பேருந்துகளில் ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டுக்கு மேல் போகாது, 2027 மார்ச் வரை. மேற்கு யார்க்‌ஷயருக்குள் அதைவிடக் குறைவு. தொலைவான இடம் என்றால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே பாருங்கள். தவறவிட்டால் டாக்ஸிக்காரர் உங்கள் மாத சேமிப்பை வாங்கிக்கொள்வார்.

இனி அந்த 128 பவுண்டு. ஒரு நாளைக்கு 43 ஆகிறது. முழுச் சாப்பாட்டையும் வெளியே வாங்காமல், சூடானதை மட்டும் வாங்குங்கள். புளியோதரை, பொடி தடவிய இட்லி, பழம், ஃபிளாஸ்கில் வெந்நீர் கையோடு போகட்டும். சோற்றைக் காலையிலேயே வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கிளறுங்கள். சூட்டோடு டப்பாவை மூடினால் வியர்த்து மதியத்துக்குள் நொசநொசத்துவிடும். கடற்கரையில் பெரிய சிப்ஸ் ஒன்று வாங்கி நாலு பேரும் பகிருங்கள். கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுங்கள், கடற்காகத்துக்கு பங்கு கொடுக்கிற திட்டம் நம் பட்ஜெட்டில் இல்லை. இப்படிச் செய்தால் நாளுக்கு 15 போதும். பொம்மைக்குப் பிள்ளைக்கு 3 பவுண்டு, கையில் காசாகக் கொடுத்துவிடுங்கள். அவர்களே கணக்குப் பார்ப்பார்கள்.

கூட்டிப் பார்க்கலாம். யார்க் ரயில் 28, மாலம் 20, லீட்ஸுக்குள் பேருந்தில் ஒரு நாள் 15, சாப்பாடு 45, பொம்மை 18, ரயில்கார்டு மாதப் பங்கு 3. மொத்தம் 129. மாதம் 160 பவுண்டு ஒதுக்கினால் 31 மிஞ்சும். அது சேரச் சேர, ஹாலிஃபாக்ஸில் யுரேகா சிறுவர் அருங்காட்சியகம், பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகம் மாதிரி காசு கொடுத்துப் போகவேண்டிய இடத்துக்குப் போங்கள். பழைய 318ஓடு ஒப்பிட்டால் 158 உங்கள் சேமிப்பு.

உறுப்பினர் அட்டையை வாசலில் நின்று வாங்காதீர்கள். பழைய கோட்டை, மடங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் உறுப்பினர் ஒருவரோடு ஆறு பிள்ளைகள் வரை இலவசம், விட்பி அபே, ஸ்கார்பரோ கோட்டை, யார்க்கின் கிளிஃபோர்ட்ஸ் டவர் எல்லாம் அதில் வரும். ஆனால் ஆண்டுக் கட்டணத்தை ஒருநாள் குடும்பச் சீட்டால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணைவிட அதிகத் தடவை போவீர்கள் என்று காலண்டரில் தேதியோடு எழுத முடிந்தால் மட்டும் சேருங்கள். டைரக்ட் டெபிட் அடுத்த ஆண்டும் தானாகவே பிடிக்கும், ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். செப்டம்பரில் ஹெரிட்டேஜ் ஓபன் டேஸ் வரும்போது காசு வாங்கும் இடங்களில் சிலவும் கதவைச் சும்மா திறக்கும். செவிலியர் என்பதால் ப்ளூ லைட் கார்டு என்னும் தள்ளுபடி அட்டை 4.99 பவுண்டுக்கு இரண்டு ஆண்டு கிடைக்கும். எங்கே போவது என்று முடிவு செய்த பிறகு அதைத் திறங்கள், அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நண்பர்கள் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. கல்லாவில் "நான் கட்டுறேன், நான் கட்டுறேன்" என்று கையை இழுத்து, மாதக் கடைசியில் யாருக்கோ மனசு கசக்கும். வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் மூன்று வரி போதும்: இடம், தலைக்கு எவ்வளவு, யார் என்ன சமைத்துக் கொண்டுவருவது. ரயில் டிக்கெட்டை ஒருவர் எடுத்து, மற்றவர்கள் அன்றிரவே அனுப்பிவிட வேண்டும்.

சம்பளம் விழுந்த மறுநாள் 160 பவுண்டு சுற்றுவதற்கென்று தனியாக, 150 சேமிப்புக்கு என்று, வங்கி மாதாமாதம் தானாகவே மாற்றும்படி இரண்டு ஸ்டாண்டிங் ஆர்டர் போடுங்கள். மான்ஸோ, ஸ்டார்லிங் வங்கிகள் இரண்டிலும் கணக்குக்குள்ளேயே பணத்தைத் தனியாகப் பிரித்து வைக்கலாம். வடகிழக்குக் கடற்கரைக்குக் காரில் போகும் மாதம் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: டைன் சுரங்கப்பாதையில் கட்டணம் வாங்கும் சாவடி கிடையாது. மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும், மறந்தால் அபராதம் வீடு தேடி வரும்.