பதில்: ஐரோப்பிய ஒன்றிய இலக்கியப் பரிசு, எத்தனை வெற்றியாளர்கள்?
வணக்கம். ஓர் ஆண்டில் 12 பேர் வென்றதாகவும் வேறோர் ஆண்டில் ஒருவரே வென்றதாகவும் இருக்கிறதே, வாசிப்பு வட்டத்துக்கு எதை நம்பி நாவல் தேர்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். 2009இல் தொடங்கியபோது நாடுகள் முறைவைத்துப் பங்கேற்றன. முறை வந்த நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றியாளர். 2022இல் விதி மாறியது: நாட்டுக்கு ஒரு பரிந்துரை, மொத்தத்தில் ஒரே வெற்றியாளர், ஐந்து பேருக்குச் சிறப்புப் பாராட்டு.

அந்த ஆண்டு வென்றவர் ஜார்ஜியாவைச் சேர்ந்தவர். ஒன்றியத்தில் இல்லாத நாடு! ஒன்றியத்தின் பண்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தாலே போதும். இந்தப் பரிசில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உங்கள் வட்டத்துக்குப் பழைய பட்டியல்களையே பரிந்துரைப்பேன். சிறிய மொழிகளின் நாவல்கள் நிறைய. ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.