வாங்கிய ஏர் பிஸ்டலைப் போட்டிக்கு ஏற்றதாக்குதல்: கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரையுள்ள ஊர்களில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (அழுத்திய காற்றால் சுடும் கைத்துப்பாக்கி) பயில்வோர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: ஐயா, கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் டிரிகரை மாற்றுவதா, குழலை மாற்றுவதா?

இரண்டும் வேண்டாம் தம்பி. போட்டிக்கென்று செய்யப்பட்ட எந்தப் பிஸ்டலின் குழலும், பத்து மீட்டரில், தொடக்க நிலையில் உள்ள உங்கள் கையைவிடத் துல்லியமாகவே சுடும். முதலில் கவனிக்க வேண்டியது கைப்பிடி. பிஸ்டலில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடியபடி கையை இலக்கின் உயரத்துக்கு உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி (குழலின் முனையில் குறிபார்க்க உள்ள முனைப்பு) பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்காமல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விலகி நின்றால், கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்தவில்லை என்று பொருள்.

உள்ளங்கையில் சாக்பீஸ் பொடியைத் தடவிப் பிடித்துப் பார்த்தால், மரம் எங்கே அழுத்துகிறது, எங்கே தொடாமல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். தொடாத இடத்தில் எம்-சீல் போன்ற பசையை மெல்லிய அடுக்காக அப்பி, இரவு முழுவதும் இறுகவிட்டு, மறுநாள் அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். கைப்பிடியைப் பிஸ்டலிலிருந்து கழற்றிய பிறகே தேய்க்க வேண்டும். மரத்தூள் டிரிகருக்குள் போனால் வேறு தொல்லை தொடங்கிவிடும். டிரிகரை இழுக்கும் விரல் மரத்தில் எங்குமே படக் கூடாது. பளபளப்பாக வார்னிஷ் பூச வேண்டாம், வியர்த்த கை வழுக்கும். உங்கள் ஊரில் வள்ளம் கட்டும் ஆசாரி யாராவது பழக்கமாக இருந்தால் அவரிடம் காட்டுங்கள். வளைவுகளைக் கண்ணாலேயே அளக்கும் அவர்களைவிட நல்ல ஆலோசகர் இதற்குக் கிடைப்பது அரிது. ஆனால் விதியையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்: கைப்பிடியின் எந்தப் பகுதியும் கையைத் தாண்டி நீளக் கூடாது, மணிக்கட்டு முழுவதும் விடுபட்டிருக்க வேண்டும், பிஸ்டல் மொத்தமாக 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது.

மண்டபம்: டிரிகரை இலகுவாக்க லேத் பட்டறையில் உள்பாகங்களைத் தேய்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

கூடவே கூடாது. டிரிகரை இழுக்கும்வரை சுடாமல் பிடித்து வைத்திருக்கும் கொக்கியின் முனை ஒருமுறை தேய்ந்துவிட்டால், தட்டினாலே சுட்டுவிடும் பிஸ்டலாக அது மாறிவிடும். உலகத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைச் சுடாமல் தாங்க வேண்டும். குழலை மேல்நோக்கிச் செங்குத்தாக நிறுத்தி, டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பரிசோதிப்பார்கள். சரியாக 500 கிராமில் வைத்தால், தூசும் உப்பும் படிந்து உராய்வு சற்று மாறினாலே பரிசோதனையில் தோற்க நேரும். ஆகவே 510 முதல் 520 கிராம் வரை வைத்துக்கொள்வது நல்லது. அதற்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் திருகுகளே போதும். எடையைக் குறைப்பதைவிட, டிரிகரின் இலகுவான முதல் இழுப்பு எங்கே முடிந்து, சுடவைக்கும் இரண்டாம் இழுப்பு எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும்படி அமைப்பதே முக்கியம்.

உச்சிப்புளி: சிவப்புப் புள்ளி காட்டும் பார்வைக் கருவியைப் பொருத்தலாமா?

இப்போட்டியில் அனுமதி இல்லை. திறந்த முன்குறியும் பின்குறியும் மட்டுமே.

ஏர்வாடி: விலை உயர்ந்த பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டு) வாங்கினால் புள்ளி கூடுமா?

விலையைவிடப் பொருத்தமே முக்கியம். இலக்குத் தாளில் வட்டமாக வெட்டும் தட்டைத் தலைப் பெல்லட்தான் வேண்டும். தலையின் விட்டம் 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று சிறு வேறுபாடுகளுடன் வருகிறது. பிஸ்டலை ஆடாத தாங்கியில் பொருத்தி, ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்து குண்டுகளைச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான் என்றாலும், தாங்கியில் வைத்துச் சுடும்போது நல்ல பெல்லட் அதற்குள் எளிதாக அடங்கும். பொருந்தியது தெரிந்த பிறகு அந்த வகையை மாற்றாதீர்கள்.

பாம்பன்: எவ்வளவு துடைத்தாலும் துரு வருகிறது, அண்ணா.

பாலத்தையே அரிக்கும் காற்று அது. பிஸ்டலை மட்டும் விட்டுவிடுமா? சுட்டு முடித்ததும் கை பட்ட உலோகப் பகுதிகளை உலர்ந்த துணியால் துடைத்து, மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் உள்பஞ்சு கொண்ட பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பது, வெளியில் வைப்பதைவிடக் கெடுதல். காற்று அடைக்கும் ரப்பர் வளையங்களுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட சிலிக்கோன் கிரீஸைத் தவிர வேறு எண்ணெய் எதுவும் போகக் கூடாது.

ராமேசுவரம்: பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரை எங்கே நிரப்புவது? பஞ்சர் கடையில் முடியுமா?

முடியாது. இந்தச் சிலிண்டர்களுக்கு ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் அதன் பக்கத்தில்கூட வராது. ஸ்கூபா முக்குளிப்புச் சிலிண்டரிலிருந்து உரிய இணைப்பானை வைத்து நிரப்பலாம். அதில் அடைத்திருப்பது ஈரமும் எண்ணெயும் நீக்கிய காற்று. கைப்பம்பு என்றால் ஈரவடிகட்டி கட்டாயம், நம் கடற்கரையில் இரட்டிப்புக் கட்டாயம். வெல்டிங் கடை ஆக்சிஜனை எந்த நிலையிலும் நிரப்பாதீர்கள்; துளி எண்ணெய் இருந்தாலும் வெடித்துவிடும்.

தொண்டி, ஒரு மாணவியின் தந்தை: உரிமம் தேவையா? மகளுக்கு எலெக்ட்ரானிக் டிரிகர் உள்ள பிஸ்டல் வாங்கலாமா?

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல் துளையும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. எலெக்ட்ரானிக் டிரிகர் மென்மையானது. ஆனால் மின்கலத்தையும் மின்சுற்றையும் உப்புக் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நேரம் வீணானது. அவரே 2024இல் பாரிஸில் இதே போட்டியில் வெண்கலம் வென்றார். உலகத் தரக் கருவிக்கே அந்த நிலை என்றால், பழுதுபார்ப்பவர் அருகில் இல்லாத நம் பகுதியில் இயந்திர டிரிகரையே நான் பரிந்துரைப்பேன். பழைய பிஸ்டலை வாங்குவதாக இருந்தால், சிலிண்டரில் பொறித்துள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் புதுச் சிலிண்டரின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.