பேரிடர் மீட்சிப் பயிற்சியால் அரசு அதிகாரிகளுக்கு உண்மையில் பயன் உண்டா? அதில் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

பயன் உண்டு. ஆனால் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தகைய பயிற்சிகளைத் திட்டமிட்டு நடத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பெரும்பாலான வகுப்புகள் பேரிடரின் முதல் சில நாள்களோடு நின்றுவிடுகின்றன. எச்சரிக்கை, வெளியேற்றம், தேடல், முகாம், உணவுப் பொட்டலம். இவை எல்லாம் தேவைதான். அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீளும் மீட்சிக்கு, கடைசி நாள் மதியம் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். அதிகாரிகள் அதிகம் தடுமாறுவது அந்தக் கட்டத்தில்தான். பாதிக்கப்பட்டவர்களைத் தனித்தனிப் பெயர்களாகப் பார்க்காமல், அக்கம்பக்கம், உறவு, தொழில் என்று சேர்ந்து வாழ்கிறவர்களாகப் பார்க்க அதிகாரியைப் பழக்க வேண்டும். மற்ற பாடங்களை இதைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று கேட்டால் ஜப்பானின் கோபே நகரைச் சொல்வேன். 1995 ஜனவரி 17 விடியற்காலையில் அங்கே நிலநடுக்கம் வந்தது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். இதைப் பல பயிற்சிகளில் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. சுமார் 48,000 தற்காலிக வீடுகள் கட்டி, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு. பாரபட்சம் என்று யாரும் குறைசொல்லவும் முடியாது. ஆனால் ஒரே தெருவில் பல காலம் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்துபோனார்கள். தள்ளாத வயதில், முகம் தெரியாதவர்கள் நடுவே போய் விழுந்தார்கள். அந்தக் குடியிருப்புகளில் கவனிக்க ஆளில்லாமல் தனியாக இறந்தவர்கள் மட்டும் 200 பேருக்கு மேல்.

அதே ஜப்பானில், 2004 அக்டோபரில் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது யமகோஷி என்ற மலைக் கிராமத்தையே காலி செய்ய வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2,200 பேர். இந்த முறை குலுக்கல் இல்லை. ஒவ்வொரு சிற்றூர்க்காரர்களையும் ஒன்றாகவே தற்காலிக வீடுகளில் குடிவைத்தார்கள். பின்னாளில் அவர்களில் பெரும்பாலோர் மலைக்கே திரும்பினார்கள்.

நான் வகுப்பில் இதைக் கதையாகச் சொல்வதில்லை. முதலில் கணக்கு மாதிரி கொடுப்பேன். முகாமில் 300 குடும்பங்கள், தயாராக இருப்பவை 100 வீடுகள், எப்படிப் பிரிப்பீர்கள்? உடனே வரும் விடை, குலுக்கல் அல்லது முன்னுரிமைப் பட்டியல். அப்புறம் கோபேயைச் சொன்னால் அறையில் உண்மையான விவாதம் தொடங்கும். நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒரே விதியா, அல்லது யாரும் தனியாக விடப்படாமல் பார்த்துக்கொள்வதா? எவ்வளவு நேரம் ஆனாலும் அந்த விவாதத்தை நடக்க விட்டுவிடுவேன்.

அடுத்தது ஆவணம். வீடு இறந்துபோன தந்தை பெயரில் இருக்கிறது, வாரிசுகள் மூன்று பேர். யாருக்கு உதவித்தொகை? வாடகைக்கு இருந்தவருக்கு உண்டா? பட்டா இல்லாத நிலத்தில் இருந்தவருக்கு? கணவர் காணாமல் போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை, இறப்புச் சான்றும் இல்லை. அந்தப் பெண் எந்தப் படிவத்தை நிரப்புவார்? பேரிடருக்குப் பிந்தைய கண்ணீரில் பாதி இந்த மேசைகளில்தான் சிந்துகிறது. இறுதி முடிவைச் சட்டம் சொல்லும், சரி. ஆனால் வந்தவரை நிற்கவைக்காமல் உட்காரவைத்துப் பேசுவதையும், 'இல்லை' என்றால் ஏன் இல்லை, அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வதையும் பயிற்சியால் கட்டாயம் கொண்டுவர முடியும். ஒருவரை விண்ணப்பதாரராகவும் இன்னொருவரை அலுவலராகவும் உட்காரவைத்து, பிறகு இடம் மாற்றிப் பாருங்கள். எந்த விரிவுரையும் அதற்கு ஈடாகாது.

வகுப்பில் அதிகாரிகள் மட்டும் இருந்தால் போதாது. பங்களாதேஷில் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதன்பின் உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு அங்கே ஒரு புயல் ஆயத்தத் திட்டம் வளர்ந்தது. 2020 ஆம்பன் புயலுக்கு முன் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதுகாப்பாக வெளியேற்ற முடிந்ததற்கு அந்தத் தன்னார்வலர்களும் ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்டவர்களையும், முன்பு பேரிடரில் வீடிழந்தவர்களையும் பயிற்றுநர்களாகவே கூப்பிட வேண்டும். கடைசியில் நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்துவதற்காக அல்ல.

எச்சரிக்கையாக ஒன்று. ஒத்திகை மட்டும் யாரையும் காப்பாற்றாது. 2004 ஜூலையில் அமெரிக்காவின் லூசியானாவில் 'பாம்' என்ற கற்பனைப் புயலை வைத்து ஐந்து நாள் பயிற்சி நடத்தினார்கள். நியூ ஆர்லியன்ஸ் மூழ்கும், வாகனம் இல்லாதவர்கள் சிக்கிக்கொள்வார்கள் என்பது அப்போதே தெரிந்தது. அவர்களை வெளியேற்றும் போக்குவரத்துத் திட்டம் முடிவடையாமல் நின்றது. அடுத்த ஆண்டு, 2005 ஆகஸ்டில், கத்ரீனா என்ற உண்மையான புயல் வந்தது. அதனால் பயிற்சி முடியும்போது யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதி வாங்கச் சொல்கிறேன். பேரிடர் அபாயத்தைக் குறைக்க 2015-இல் ஐநா உறுப்பு நாடுகள் ஏற்ற செண்டாய் செயல்திட்டமும் மீட்சிக்கான ஏற்பாடுகளைப் பேரிடருக்கு முன்பே செய்துவைக்கச் சொல்கிறது.

அதிகாரியும் பாதிக்கப்படலாம் என்பதை ஏனோ யாரும் பேசுவதில்லை. 2011 சுனாமியில் ஜப்பானின் ஓட்சுச்சி என்ற சிறு நகரத்தில் மேயரும் சுமார் 40 நகராட்சி ஊழியர்களும் இறந்தார்கள். வழிநடத்த வேண்டிய அலுவலகமே இல்லாமல் போனது. ஆகவே மேலதிகாரி இல்லை, பதிவேடுகள் இல்லை என்று வைத்துக்கொண்டு இளநிலை ஊழியர் முடிவெடுக்கும் பயிற்சியும் வேண்டும். வீட்டை இழந்த ஊழியர் எப்போது ஓய்வெடுப்பார் என்பதையும் அதே அமர்வில் பேசிவிடுங்கள்.

இடமாற்றம் இன்னொரு பெரிய தலைவலி. பயிற்சி பெற்றவர் மாறிப்போனால் கற்றதும் அவரோடு போய்விடுகிறது. உங்களிடம் ஏற்பாட்டுப் பொறுப்பு இருந்தால், ஒரு துறையிலிருந்து ஒருவரை அனுப்பாமல் வருவாய், சுகாதாரம், பொதுப்பணி, உள்ளாட்சி என்று ஒரே பகுதியில் சேர்ந்து வேலை செய்கிறவர்களை ஒன்றாக அழையுங்கள். அந்தப் பகுதி மக்களில் சிலரும் கூட இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை மீண்டும் கூட்டி, எழுதிக்கொடுத்ததில் எது நடந்தது என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்கான பணத்தை முதல் நாளிலேயே ஒதுக்கி வையுங்கள்.