மிஸ்ஸியிடம் கேளுங்கள்: ஒரு பிடி அரிசி

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு 39 வயது. இரண்டு பிள்ளைகள், வீட்டில் தையல் வேலை. இரவு படுக்க 11.15 ஆகும். கணவர் கடலுக்குப் போகிறவர். 2.30க்கு எழும்பி அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, 3.15க்குத் திரும்பப் படுத்தால் 5.15க்குப் பிள்ளைகளின் வேலை தொடங்கிவிடும். கட்டாரில் இருக்கும் தம்பி ஒரு ஸ்மார்ட் கடிகாரம் அனுப்பினான். அதைக் கட்டிக்கொண்டு படுத்தால் ஆழ்ந்த நித்திரை 38 நிமிடம், 41 நிமிடம் என்றுதான் காட்டுகிறது. எழும்பும்போதே அடித்துப் போட்ட மாதிரி உடம்பு. தைக்கும்போது கண் சொருகாமல் இருக்க ஒரு நாளைக்கு ஆறேழு பிளேன்டி குடிக்கிறேன். பொழுதுபட்டால் காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கும், ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பக்கத்து வீட்டு அக்கா பிரிட்டோன் குளிசை போட்டுப் படுக்கச் சொல்கிறா. போடலாமா? இன்னொன்று, சிரிக்க வேண்டாம். சுளகில் அரிசி புடைத்தால் ஒரு பிடி வாயில் போடாமல் இருக்க ஏலாமல் இருக்கிறது.
(வாசகி, பெரியகல்லாறு)

பதில்: சிரிக்கவில்லை மகள். உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் எடுத்து வாசித்ததே அந்தக் கடைசி வரிக்காகத்தான்.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் நான் தாதியாக நின்ற காலத்தில் அரிசி, ஐஸ் கட்டி, சாம்பல், மண் என்று ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிறவர்கள் வருவார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பில் பச்சரிசியை முடிந்துகொண்டு வந்திருந்தா. என்ன பிள்ளை இது என்றால், கோயிலுக்குக் கொடுக்க வைத்திருக்கிறேன் என்றா. வாயோரத்தில் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தால் நகம் கடதாசி போல வெளிறிப் போயிருந்தது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ஒரு ஆசை வரும். பொழுதுபட்டதும் காலுக்குள் ஊர்கிறது என்கிறீர்களே, அதற்கும் இரும்புக் குறைவு ஒரு காரணம். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் எனக்குக் கடிகாரம் தேவையில்லை, இரத்தச் சோதனைதான் தேவை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது? ஏழு நாளைத் தாண்டினால், கட்டி கட்டியாகப் போனால், அதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நம் பெண்கள் தலையிடி, முதுகுவலி எல்லாம் சொல்லிவிட்டு இதை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

அரச ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காட்டி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தசோகை. 12க்கு மேல் இருந்தாலும் சேமிப்பில் உள்ள இரும்பு வற்றிப் போயிருக்கலாம். அதைக் காட்டுவது பெரிட்டின் என்ற சோதனை. கூடவே தைரொயிட்டும் சீனியும் பார்த்துவிட்டால் நல்லது, இரண்டுமே ஆளை இப்படிச் சோர வைக்கும். சோதனை பார்க்காமல் பார்மசியில் இரும்புக் குளிசை வாங்கிப் போட வேண்டாம். இரத்தம் குறைவது எல்லாமே இரும்பினால் அல்ல.

தேத்தண்ணிக்கு வருவோம். சாப்பிட்ட கையோடு குடிக்கிற பிளேன்டி, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்தால் அதன் இரும்பு கூடச் சேரும். நித்திரைக்கும் அதே தேத்தண்ணிதான் எதிரி. குடித்த கஃபீனில் பாதி கழியவே ஐந்தாறு மணித்தியாலம் ஆகும். பின்னேரம் 3 மணிக்கு மேல் வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு வாயில்லை, 31 வருட உத்தியோகத்தில் நைட் டியூட்டி முழுவதும் தேத்தண்ணியில் ஓடியவள் நான்.

சரி, கடிகாரம். அது மணிக்கட்டில் நாடித் துடிப்பையும் அசைவையும் பார்த்து இவ்வளவாக இருக்கும் என்று ஊகிக்கிறது. எது ஆழ்ந்த நித்திரை என்று பிரித்துச் சொல்வது மூளையின் அலை. அதைப் பார்க்கத் தலையில் வயர் ஒட்ட வேண்டும். ஆகவே 38 என்ற இலக்கத்துக்குப் பயந்து இருக்கிற நித்திரையையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 7 மணித்தியாலம் படுக்கிற பெரியவர்களுக்கே ஆழ்ந்த நித்திரை ஒன்று, ஒன்றரை மணித்தியாலம்தான், அதுவும் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியிலேயே வந்து முடிந்துவிடும். உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். முதல் 3 மணி 15 நிமிடம், பிறகு 2 மணி, மொத்தம் 5 மணி 15 நிமிடம். குறைவது ஆழம் அல்ல மகள், நீளம்.

கிழமையில் மூன்று நாளாவது 9.30க்கு மெஷினை மூடிவிட்டுப் படுங்கள். அந்த நாட்களில் பாணும் வாழைப்பழமும் எடுத்துவைத்து, ஃபிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிவிட்டால் அவர் எடுத்துக்கொண்டு போவார். வலை இழுக்கிற கைக்கு ஃபிளாஸ்க் மூடி திறக்க ஏலாதா? கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் சீற் கூரை வீடு நடுச்சாமம் வரைக்கும் அனல் கக்கும். உடம்புச் சூடு இறங்கினால்தான் நித்திரை பிடிக்கும். அந்த நாட்களில் பொழுதுபடக் குளித்துவிட்டு, கட்டிலை விட்டுச் சீமெந்துத் தரையில் பாயைப் போடுங்கள்.

பிரிட்டோன் தும்மலுக்கும் தோல் கடிக்கும் கொடுக்கிற மருந்து. அது தருவது மயக்கம், மறுநாள் காலையிலும் தலையைவிட்டு இறங்காது. காலுக்குள் ஊர்வதை அது இன்னும் கூட்டவும் செய்யும். அக்காவிடமே இருக்கட்டும்.

கேள்வி: வயது 51, பஸ் ஓட்டுகிறேன். 8 மணித்தியாலம் படுத்தாலும் பகலில் கண் சொருகுகிறது. குறட்டை விட்டுவிட்டு இடையில் மூச்சு நின்றுபோகிறது என்று மனைவி பயப்படுகிறா.
(வாசகர், ஏறாவூர்)

பதில்: தம்பி, மனைவி பயப்படுவது சரி. நித்திரையில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் மூளை உங்களைத் தட்டி எழுப்பும், உங்களுக்கு நினைவிருக்காது. இரவில் அப்படி எத்தனையோ தரம் நடந்தால் 8 மணித்தியாலம் கிடந்தும் பலன் இல்லை. பிரஷரும் ஏறும்.

என் வீட்டுக்காரருக்கும் இதுதான். வார்டில் சாமம் 2 மணிக்கு முப்பது பேரின் மூச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டு நடந்தவள், வீட்டில் ஒரு மனிசனின் மூச்சு நின்று நின்று வருவதைக் குறட்டை என்று தலையணையை எடுத்துக்கொண்டு அறை மாறினேன். அவருக்குப் பிரஷர் குளிசை இரண்டாகி, பிறகு ஒரு நாள் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளில் கண் அயர்ந்து மதிலில் மோதினார். மட்காட் நெளிந்ததோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இப்போது மூக்கில் காற்று மெஷின் பூட்டிக்கொண்டு படுக்கிறார். முதல் கிழமை யானை மாதிரி இருக்கிறீர்கள் என்று பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள்.

மனைவியை அந்தச் சத்தத்தை இரண்டு நிமிடம் போனில் பதியச் சொல்லி, காது மூக்கு தொண்டை வைத்தியரிடமோ நெஞ்சு வைத்தியரிடமோ போட்டுக் காட்டுங்கள். அதுவரை மல்லாந்து படுக்காமல் சரிந்து படுங்கள், சாராயம் தொடாதீர்கள். கிளினிக்குக்குப் பஸ்ஸில் போகலாம், ஆனால் டிக்கெட் எடுத்துப் பின் சீற்றில் இருந்து போங்கள்.