வேலை போயிடுச்சு, பாப்பாவுக்கான ஜீவனாம்சம் நிற்குமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேனுங்க. சம்பளம் 18,000 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. ஆர்டர் இல்லையென்று இரண்டு மாதம் முன்னால் யூனிட்டை மூடிவிட்டார்கள். விவாகரத்து ஆனவன். மகள் அவள் அம்மாவோடு கோபியில் இருக்கிறாள். அவளுக்கு மாதம் 6,000 ரூபாய் தரச் சொல்லி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் கோர்ட் உத்தரவு. இரண்டு மாதமாகக் கட்டவில்லை. லண்டனில் இருக்கும் பங்காளி, அங்கே அரசு உதவித்தொகையில் இருப்பவர் வாரம் 7 பவுண்டு கட்டினால் போதும் என்கிறார். நம்ம ஊரில் அப்படி உண்டுங்களா?

பதில்: இல்லைங்க. பங்காளி சொல்வது அந்த ஊர் கணக்கு. இங்கே கோர்ட் 6,000 என்று எழுதிவிட்டால், அதே கோர்ட் மாற்றி எழுதும்வரை 6,000தான். யூனிட்டில் பூட்டுத் தொங்குவதை நீங்கள் போய்ச் சொல்லாமல் நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

அதனால் முதல் வேலை, தொகையைக் குறைக்கக் கேட்டு மனு. 2024 ஜூலை 1 முதல் இது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-வது பிரிவில் வரும் (முன்பு 127). தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்த 12,000 ரூபாய் பாக்கி மனு போட்டதால் மறைந்துவிடாது. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை வைக்கலாம். உள்ளே போய் வந்தாலும் கடன் அப்படியே நிற்கும்.

வக்கீல் செலவுக்குப் பயந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள்; 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

மனுவோடு சொத்து, வருமான உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. இங்கேதான் நம்ம ஆட்கள் சறுக்குகிறார்கள். ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு வெட்டி, சனிக்கிழமை சனிக்கிழமை ஜிபேயில் கூலி வாங்கிக்கொண்டே 'வருமானம் பூஜ்யம்' என்று எழுதுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் முடிந்தது கதை. வாரம் 1,500 வந்தால் 1,500 என்றே எழுதுங்கள். சுத்தமாக ரத்து செய்யவும் கேட்காதீர்கள். உடம்பில் தெம்பு இருப்பவர் கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தற்காலிகமாக 3,000 என்று கேட்டால் காது கொடுப்பார்கள். மகளின் அம்மா சம்மதித்தாலும் கோர்ட்டில் பதிவாகட்டும். வாய்வார்த்தை நாளைக்கு நிற்காது.

சரி, கையில் பணம்? இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் இருக்கிறது. வேலை போனவருக்கு சராசரி தினச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. உங்கள் சம்பளத்துக்குத் தோராயமாக நாளுக்கு 300, மொத்தம் 27,000 ரூபாய். இதை அவ்வப்போது நீட்டித்துத்தான் நடத்துகிறார்கள். அதனால் கிளை அலுவலகத்துக்கே போய், திட்டம் நடப்பில் இருக்கிறதா, உங்கள் சந்தா நாட்கள் போதுமா என்று கேளுங்கள். யூனிட்டையே மூடிவிட்டதால், ஆலை மூடி வேலை இழந்தவர்களுக்கான இ.எஸ்.ஐ.யின் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தையும் அதே மேஜையில் விசாரியுங்கள்.

பி.எஃப்.பில் 75 சதவீதம்வரை எடுக்க வழி உண்டு. பொதுவாக அதைத் தொடாதே என்பவன் நான். ஆனால் மீட்டர் வட்டிக்கு வாங்கி ஜீவனாம்சம் கட்டுவதற்கு, பி.எஃப்.பில் 12,000 எடுத்துப் பாக்கியை அடைப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம், மனு முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். இந்த வாரம் 2,000 முடிந்தால் 2,000 அனுப்புங்கள், எந்த மாதத்துப் பணம் என்று குறிப்பும் போட்டு, பேங்க் வழியாகவே. மச்சான் கையில் கொடுத்துவிட்ட ரொக்கத்துக்கு ரசீது இல்லை, கோர்ட்டில் அதைக் காட்ட முடியாது.